கடுகினும் சிறிய காலக் கணக்கர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளும் சிலம்பும் கம்பன் கவியும் கேட்டு மகிழ்ந்த செவிகள் உங்கள் செவிகள். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள் என்னையும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தபோது நான் உண்மையிலேயே அஞ்சினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து, ரசீது எழுதி, தேதி முத்திரை குத்துகின்ற எழுத்தன். புலமை பேச எனக்குத் தகுதி இல்லை. எனவே, என் தொழில் எனக்குக் காட்டிய ஒரு வியப்பைப் பற்றியே பேசத் துணிந்தேன். கல்லின் வயதைக் கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள் எவ்வாறு சொல்கின்றன என்பதே என் பொருள். இப்பொருளை நான் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ராஜமகேந்திரவரத்திலிருந்து ஒரு மரப்பெட்டி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நாம் ராஜமுந்திரி என்று பழகிய ஊர்தான் அது. பெட்டி சிறிது, எடையோ பெரிது. அதனைப் பெற்றுக்கொள்ள வந்தவர் நிலவியல் பயிலும் ஓர் இளைஞர். உள்ளே என்ன என்று கேட்டேன். 'கல்' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, கல்லுக்கா இவ்வளவு கட்டணம் கட்டினீர்கள்? நம் நாகபுரித் தண்டவாளம் நெடுகக் கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடக்கிறதே!" என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. "ஐயா, அந்த ஜல்லியின் வயதைச் சொல்லும் சாட்சிகள் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன" என்றார்.

அச்சொல் என்னை விடவில்லை. பின்னொரு விடுமுறை நாளில் அவருடைய கல்லூரிக்கே சென்றேன். நுண்ணோக்கியின் வழியே அவர் காட்டிய காட்சியைக் கண்டேன். அன்று தொடங்கிய ஆசையால் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கருங்கல்லைப் பார்ப்போம். நம் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கும் சீதாபுல்டிக் குன்று முதல், பம்பாய்க்குச் செல்லும் வழியிலுள்ள மலைத்தொடர் வரை பரந்து கிடப்பது ஒரே வகைக் கல். தக்காணக் கரும்பாறை என்பர். நிலம் வெடித்து, உருகிய பாறைக் குழம்பு வெள்ளமெனப் பாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்த அடுக்கு அது. இன்று எஞ்சியிருக்கும் பரப்பே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். நாம் நாள்தோறும் மிதிக்கும் இக்கல் எப்போது உருகி ஓடியது?

கேள்வி எளிது, விடை எளிதன்று. ஏனெனில் நெருப்பாய் வந்த கல்லில் உயிரின் அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. ஆனால் ஒரு குழம்பு உறைந்தபின் அடுத்த குழம்பு வரும்வரை இடைவேளை உண்டு. அவ்விடைவேளையில் ஏரியும் குளமும் தோன்றி, சேறு படிந்து, அதில் நத்தையும் இலையும் விதையும் புதைந்தன. இந்நகரில் வாழ்ந்த ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் பாதிரியார், இங்குள்ள டாக்லி முதலிய இடங்களில் அத்தகைய எச்சங்களைத் திரட்டினார். ராஜமுந்திரிப் பகுதியிற் கிடைத்த சிப்பிகளையும் ஆராய்ந்து 1860 ஆம் ஆண்டு எழுதினார். அவர் பெயரால் நம் ஊரில் ஒரு கல்லூரி இருப்பதை அறிவீர்கள். அந்தப் பெயருக்குள் இப்படியொரு கதை இருப்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன்.

அவருக்குப் பின் நெடுங்காலம் வழக்கு நடந்தது. பீர்பல் சாஹ்னி போன்ற பேரறிஞர் தாவர எச்சங்களைக் கொண்டு, இக்கல் டைனசோர்கள் மறைந்த பிற்பட்ட காலத்தது என்றார். வேறு சிலரோ டைனசோர் எலும்புகளைக் காட்டி, முற்பட்ட காலத்தது என்றனர். நிலத்தில் வாழ்ந்த உயிர்கள் ஒரு நாட்டில் இருக்கும், மறு நாட்டில் இரா. ஆதலின் அவற்றைக் கொண்டு உலகக் கணக்கோடு ஒப்பிடுவது அரிது. அதற்கு எங்கும் ஒன்றுபோல் வாழ்ந்த ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி கடலில் இருந்தது.

எச்சத்தைக் கொண்டு பாறையின் வரிசையை அறியலாம் என்று உலகுக்குக் காட்டியவர் பல்கலைக் கழகப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் 1769 இல் ஒரு கொல்லர் மகனாகப் பிறந்த வில்லியம் ஸ்மித் என்பவர். கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்த தொழிலாளர். வெட்டிய இடந்தோறும் ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய சிப்பிகள் இருப்பதையும், அவற்றின் வரிசை எங்கும் மாறாதிருப்பதையும் அவர் கண்டார். 1815 இல் தம் நாட்டின் பாறைப்படம் ஒன்றைத் தனி ஒருவராய் வெளியிட்டார். 1819 இல் கடன் தீர்க்க இயலாது சிறையிலும் இருந்தார். 1831 இல்தான் கற்றோர் அவை அவரைப் பாராட்டிப் பதக்கம் அளித்தது. படிப்புக் குறைந்தவன் கண்ணுக்கும் உண்மை புலப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்முறையை என் தொழிலில் வைத்து விளக்க அனுமதியுங்கள். பழைய பார்சல் பதிவேடு ஒன்று கிடைக்கிறது. தேதி எழுதிய மேற்பகுதி முழுவதும் கிழிந்துவிட்டது. அப்பக்கங்களுக்குக் காலம் சொல்ல முடியுமா? முடியும். ஒரு பக்கத்தில் கிராமபோன் பெட்டி மட்டும் இருக்கிறது. சில பக்கம் தள்ளி ரேடியோ வருகிறது. பின்னர் டேப் ரிக்கார்டர், அதன்பின் தொலைக்காட்சி, அதன்பின் கம்ப்யூட்டர். கிராமபோன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, மீண்டும் வருவதில்லை. ஒரு பொருள் முதன்முதல் தோன்றும் பக்கமும் கடைசியாய்க் காணும் பக்கமும் அதன் வாழ்நாளின் இரு எல்லைகள். இரண்டு பொருள்கள் சேர்ந்து காணும் பக்கங்களோ இன்னும் குறுகிய காலத்தைக் காட்டும்.

இனி, சென்னையிலும் அதுபோல் தேதி கிழிந்த பதிவேடு ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். நாகபுரிப் பதிவேட்டில் டேப் ரிக்கார்டரும் தொலைக்காட்சியும் சேர்ந்துள்ள பக்கத்தைச் சென்னைப் பதிவேட்டில் அவ்விரண்டும் சேர்ந்துள்ள பக்கத்தோடு பொருத்தலாம் அன்றோ? சென்னை பெரிய நிலையம். பத்து நூல் நிரம்பியிருக்கும். சிற்றூர் நிலையத்தில் ஒரு நூலே இருக்கும். நூலின் கனத்தைக் கொண்டு காலத்தை அளக்கலாகாது. உள்ளே இருக்கும் பொருளைக் கொண்டே அளக்கவேண்டும். பாறைக்கும் அப்படியே. ஓரிடத்தில் நூறு அடிக் கனமுள்ள அடுக்கும் வேறோரிடத்தில் ஓர் அடிக் கனமுள்ள அடுக்கும் ஒரே காலத்தனவாக இருக்கலாம். இடையில் ஒரு நூலைக் கறையான் தின்றிருந்தால், வரிசையில் திடீரென்று ஒரு தாவல் காணும். பாறையிலும் அரிப்பினால் அத்தகைய இடைவெளிகள் உண்டு.

பெரிய சிப்பிகள் போதாவோ, கண்ணுக்குத் தெரியாத உயிர் எதற்கு என்று கேட்கலாம். போராமினிபெரா என்பது ஓரணு உயிர். துளையுள்ள ஓடு தாங்கியது என்பது அப்பெயரின் பொருள். பெரும்பாலும் சுண்ணாம்பினால் தனக்கென ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. அறை மேல் அறையாகச் சேர்த்துச் சுருள் வடிவில் கட்டுகிறது. மிதந்து வாழும் இனங்களுள் பல ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இரா. கடுகினும் சிறிய இவ்வுயிருக்கு நான்கு சிறப்புகள் உண்டு. கைப்பிடிச் சேற்றில் ஆயிரக்கணக்காய் இருக்கும். கடல் நீரோட்டம் அதனை உலகெங்கும் கொண்டு செல்லும். ஓடு பாறையில் அழியாது நிற்கும். நான்காவதே தலையாயது: அதன் இனங்கள் விரைவில் தோன்றி விரைவில் மறைவன. நெடுங்காலம் மாறாத பொருள் காலம் காட்டாது. என்றும் இருக்கும் அரிசி மூட்டையைக் கொண்டு பதிவேட்டுப் பக்கத்துக்கு ஆண்டு சொல்ல முடியுமா?

எண்ணெய்க் கிணறு தோண்டுவோர்க்கு இந்நுண்மையே பெரும் பயன் தந்தது. ஆழத்தில் துளைக்கும் இரும்பு பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். நுண்ணிய ஓடுகளோ கல்துகள்களோடு முழுமையாய் மேலே வந்து சேரும். எஸ்தர் ஆப்ளின் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இவ்வோடுகளைக் கொண்டு கிணறுகளின் அடுக்குகளைப் பொருத்தலாம் என்று 1921 இல் அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவையில் அவர் எள்ளி நகையாடப்பட்டார். அவரும் ஆல்வா எல்லிசர், ஹெட்விக் க்னைகர் என்னும் இரு பெண்மணிகளும் சேர்ந்து, டெக்சஸ், லூசியானா மாநிலங்களின் நிலத்தடி அடுக்குகளை வரிசைப்படுத்தி 1925 இல் வெளியிட்டனர். நகைத்த உலகம் பின்னர் அவர்கள் வழியையே பின்பற்றியது. 1956 இல் தோன்றிய நம் நாட்டு எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகமும் காவிரி, கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளிலுள்ள தன் கிணறுகளை இவ்வகையிலேயே ஆராய்ந்து வந்துள்ளது.

இதனைச் செய்யும் முறை நம் வீட்டுத் தாய்மார்கள் அரிசி களைந்து கல் பொறுக்குவதைப் போன்றது. மெத்தென்ற கல்லை உடைத்து, சோடாக்காரம் போன்ற பொருள் கலந்த நீரில் ஊறவைக்கின்றனர். கரைந்ததை நுண்ணிய சல்லடையிலிட்டுக் கழுவுகின்றனர். எஞ்சிய மணலை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பி, ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குகின்றனர். இறுகிய கல்லாயின் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்துப் பார்க்கின்றனர். நான் பார்த்தது அத்தகைய சீவல் ஒன்றையே. சாம்பல் நிறக் கல்லினுள்ளே சின்னஞ்சிறு பூக்கள் போல வட்ட வட்டமாய் அறைகள்! பூமாலை தொடுத்தாற்போன்ற அவ்வடிவைக் கண்டபோது, இது கல் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அன்பர்களே! இப்போது சிறிது நேரம் இத்தாலி நாட்டுக்கு உங்களை அழைக்கிறேன். அங்குக் குப்பியோ என்னும் மலையூர் ஒன்று உண்டு. அதன் அருகே, ஆழ்கடலில் படிந்த சுண்ணாம்புக் கல் அடுக்கடுக்காய் நிற்கிறது. அவ்வடுக்குகளில் ஓரிடத்தில் விரற்கடைக் கனமுள்ள களிமண் படலம் ஒன்று காண்கிறது. அதன் கீழே உள்ள கல்லில் பெரிய, விளிம்பு கட்டிய, பற்பல வடிவ போராமினிபெராக்கள் மலிந்துள்ளன. அரசவையில் அணிகலன் பூண்டு நிற்போரைப் போன்றன அவை. படலத்துக்கு மேலேயோ, அவற்றுள் ஏறத்தாழ ஒன்றும் இல்லை! மிகச் சிறிய, அணி எதுவும் அற்ற புதிய இனங்கள் சிலவே உள்ளன. லூட்டர்பாக்கர், பிரேமொலி சில்வா என்னும் இரு ஆய்வாளர் 1964 இல் இதனை எழுதினர். மேலே முதலில் வரும் சிற்றினங்களுள் ஒன்றுக்கு அவ்வூரின் பழம்பெயரால் யூகுபினா என்று பெயரிட்டனர்.

அந்தக் களிமண்ணிலேதான் வானினின்று வந்த இரிடியம் என்னும் உலோகம் மிகுதியாய் இருப்பதை ஆல்வரெஸ் குழுவினர் 1980 இல் வெளியிட்டனர். பெரிய விண்கல் ஒன்று மோதி உலகின் பல உயிர்களை அழித்தது என்றனர். மெக்சிகோவில் சிக்சுலூப் என்னுமிடத்தில் புதைந்துள்ள பெரும்பள்ளமே அம்மோதலின் வடு என்று 1991 இல் அறிவித்தனர். டைனசோர்கள் மறைந்ததும் அக்காலத்திலேயே. இன்றைய கணக்கில் அது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இனி இத்தாலியினின்று கோதாவரிக் கரைக்குத் திரும்புவோம். தக்காணக் குழம்பின் சில பாய்ச்சல்கள் மேற்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அளவு ஓடி ராஜமுந்திரிக் கடற்கரையை அடைந்தன என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்குள்ள கல் குவாரிகளில் கீழே ஒரு கரும்பாறைத் தொகுதி, மேலே ஒரு கரும்பாறைத் தொகுதி, இடையே கடலோரத்தில் படிந்த சுண்ணாம்புச் சேறு. கெர்டா கெல்லர் என்னும் பெண்மணியும் சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட துணைவரும் கௌரிபட்டணம், துத்துகூரு, காதேரு முதலிய இடங்களின் அவ்விடைச் சேற்றை ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். அச்சேற்றில் இருந்தவை எவை தெரியுமா? அரசவை அணியினர் அல்லர். பேரழிவுக்குப் பின் வந்த சிற்றினங்களே! யூகுபினா வாழ்ந்த காலத்துக்கு உரிய கூட்டமே!

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். இத்தாலியின் மலையும் ஆந்திரத்தின் குவாரியும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஆயினும் இரு பதிவேட்டிலும் அதே பக்கம் இருக்கிறது. அவ்வினம் வாழ்ந்தது சில லட்சம் ஆண்டுகளே. ஆகவே கீழே உள்ள குழம்பு அச்சேறு படிவதற்கு முன்பே உறைந்துவிட்டது. மேலே உள்ளது அதற்குப் பின் வந்தது. நூறாண்டுக்கு மேல் நடந்த வழக்கில், மணலினும் நுண்ணிய ஓடு வந்து சாட்சி சொல்லிவிட்டது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. நம்மிற் பலர் பழைய குறுகிய பாதை வண்டியிற் பயணம் செய்த சிந்துவாடா மாவட்டத்தில், ஜில்மிலி என்றொரு சிற்றூர். கடற்கரைக்கு எத்தனையோ தொலைவிலுள்ள அவ்வூரின் கரும்பாறைகளுக்கு இடைப்பட்ட சேற்றிலும் அதே காலத்துக் கடல் நுண்ணோடுகள் கிடைத்ததாக அதே குழுவினர் 2009 இல் எழுதினர். கடலின் கிளை ஒன்று அன்று நாட்டின் நடுவரை வந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் துணிபு. நாகபுரியினின்று ஒரு பகற்பயணத் தொலைவில் கடல் இருந்தது என்றால், மெரீனாவை நினைத்து ஏங்கும் நம் மனத்துக்கு அஃது ஓர் ஆறுதலன்றோ?

ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்றலாகாது. கிராமபோன் நின்று நெடுங்காலம் ஆனபின்னும், பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவர் அதனை இன்று பார்சலில் அனுப்பலாம். அவ்வாறே பழைய பாறை அரிக்கப்பட்டு, அதன் ஓடுகள் புதிய சேற்றிற் கலப்பதுண்டு. தேய்வும் நிறமும் கண்டு அவற்றைப் பிரித்தறிய வேண்டும். கிணற்றிலோ மேலடுக்கின் துகள் சரிந்து கீழடுக்கின் துகளோடு கலந்துவிடும். ஆதலின் அங்கு ஓர் இனம் தோன்றிய இடத்தைவிட, மறைந்த இடத்தையே மிகுதியும் நம்புகின்றனர். மேலும் நுண்ணோடு முன்பின் வரிசையைத்தான் சொல்லும். இத்தனை கோடி ஆண்டு என்னும் எண்ணைத் தானாகச் சொல்லாது. அவ்வெண்ணைப் பாறையிலுள்ள யுரேனியம், பொட்டாசியம் முதலியவற்றின் கதிர்ச்சிதைவை அளந்து பெறுகின்றனர். ஒன்று வரிசை, மற்றொன்று எண். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

கணக்கும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. எரிமலைப் பெருக்கின் பெரும்பகுதி அழிவெல்லையோடு முடிந்தது என்றனர் கெல்லர் குழுவினர். 2019 இல் ஒரே இதழில் வெளிவந்த இரு ஆய்வுகளுள் ஒன்று, பெரும்பகுதி எல்லைக்குப் பின்னரே வந்தது என்றது. மற்றொன்றோ, நான்கு பெரும் பாய்ச்சல்கள் இருந்தன, அவற்றுள் ஒன்று எல்லைக்குச் சற்று முன்னது என்றது. உயிர்களை அழித்தது விண்கல்லா, எரிமலையா, இரண்டுமா என்னும் சொற்போர் இன்றும் நடக்கிறது. ஆனால் போரிடும் அனைவரும் நம் ஜல்லிக்கல் அப்பேரழிவைச் சூழ்ந்த காலத்தது என்பதில் ஒத்திருக்கின்றனர்.

நம் தாயகத்துக்கும் இதில் பங்குண்டு. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் வண்டி அரியலூரைக் கடக்கும்போது, இருபுறமும் சுண்ணாம்புக்கல் குழிகளையும் சிமெண்டு ஆலைகளையும் கண்டிருப்பீர்கள். அது அன்றைய கடலின் தரை. அங்குக் கிடைத்த சிப்பிகளை 1840களிலேயே ஆராயத் தொடங்கிவிட்டனர். அரியலூர் அடுக்குகள் என்னும் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம் பெற்றுள்ளது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அந்நிலையத்தில் சற்றே எட்டிப் பாருங்கள். நீங்கள் கடலடியில் நிற்கிறீர்கள்.

பெரியோர்களே! தொடக்கத்தில் ஒரு சொந்தக் காரணம் உண்டு என்றேன். அதனைச் சொல்லி முடிக்கிறேன்.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரிற் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, ஓரிடத்தில் கடைநிலைப் பணியில் அமர்ந்தார். சேர்ந்த நாளில் வயது கேட்டனர். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவர் ஆளை மேலும் கீழும் பார்த்து, ஓங்கிய உருவத்தையும் மீசையையும் கண்டு, 1950 இல் பிறந்தவர் என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். அந்த மை உலர்ந்ததும் அது உண்மையாகிவிட்டது.

என் பாட்டியார் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் இரண்டு புயல்களை எவரும் மறந்ததில்லை. ஒன்று 1952 கார்த்திகையில் வந்தது. மற்றொன்று 1955 கார்த்திகையில் வந்தது. "மொதப் புயலுக்குப் பெரியவன் ஒருத்தன்தான் எனக்கு, அவனைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். ரெண்டாவது புயலுக்கு ஒங்கப்பன் பால் மறக்காத புள்ள, அவனை இடுப்புல வச்சுக்கிட்டு, பெரியவனைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடினேன்" என்பார். இதனை அவர் ஒருமுறையன்று, நூறுமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறையும் வரிசை மாறியதில்லை. ஆகவே என் தந்தையார் இரண்டு புயல்களுக்கு இடையே பிறந்தவர். ஏறத்தாழ 1954 இல் எனலாம். கீழே ஒரு கரும்பாறை, மேலே ஒரு கரும்பாறை, இடையே ஒரு சிறு சிப்பி! குவாரியில் அறிந்தது சிப்பி, அறிய வேண்டியது எரிமலை. எங்கள் வீட்டில் அறிந்தது புயல், அறிய வேண்டியது பிறப்பு. வழி ஒன்றே.

அவர் 2010 இல் ஓய்வு பெற்றார். உண்மை வயதின்படி இன்னும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைத்திருக்கலாம். என் தங்கையின் திருமணம் அந்நான்கு ஆண்டுகளுக்குள் நடக்க வேண்டியிருந்தது. மனு எழுதினோம். எழுதியவன் நானே. புயலைச் சான்றாகக் கொள்ள இயலாது, தாள் வேண்டும் என்று விடை வந்தது. என் தந்தையார் அதற்காக எவரையும் நோகவில்லை. "எழுதினவன் என்ன செய்வான், நான்தானே சொல்லத் தெரியாம நின்னேன்" என்பார். அவர் மறைந்தபோது பதிவு செய்யச் சென்றேன். வயது கேட்டனர். மற்றத் தாள்களோடு ஒத்திருக்க வேண்டுமே என்று, தேதியெழுதியே சோறு தின்னும் நான், அதே பிழையான வயதை என் கையாலேயே மீண்டும் எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் அது என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கிறது.

கோதாவரிக் கரைக் கல்லுக்கு வயது சொல்ல, மணலினும் சிறிய ஓட்டின் சொல்லை உலகத்து அறிஞர் அவை ஏற்றது. நாற்பத்தேழு கிலோ எடையுள்ள என் பாட்டியின் சொல்லை எந்த அவையும் ஏற்கவில்லை. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு விதி உண்டு. அவ்விதிக்குக் காரணமும் உண்டு என்பதை எழுத்தனாகிய நான் அறிவேன். ஆயினும் எழுதியது ஒன்றே சாட்சி என்று நாம் எண்ணிவிடலாகாது. உடனிருந்தவரும் சாட்சியே. அச்சாட்சியைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். வேறு சாட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மையும் வேண்டும். நிலவியல் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

எனவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களில் முதியோர் இருக்கின்றனர். எந்தப் புயலில், எந்தப் பஞ்சத்தில், எந்தப் பாலம் திறந்த ஆண்டில், யார் பிறந்தார், யார் வடக்கே வந்தார் என்னும் கணக்கு அவர்கள் நினைவில் அடுக்கடுக்காய் இருக்கிறது. அரிப்பு நேர்வதற்கு முன் அதனைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, அந்த அடுக்குகளே நிலம்.

என் பங்குக்கு நான் இன்று தொடங்குகிறேன். இச்சொற்பொழிவு மலரில் அச்சேறும் என்று செயலாளர் கூறினார். ஆதலின், எந்தத் தாளிலும் ஏறாத ஒன்றை இந்தத் தாளில் ஏற்றுகிறேன். என் தந்தையார் 1952 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னும் 1955 ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னும் பிறந்தவர். இதற்குச் சாட்சி அவரைப் பெற்றவள்.